விஆருக்காக கம்ப்யூட்டரை எப்போது அப்கிரேட் செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விஆர், அதாவது ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் மெய்நிகர் உலக கேம்கள், விளையாடுகிறேன் என்று தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கட்டும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவரவர் கேட்டபடியே இங்கே தொகுத்து வைத்திருக்கிறேன்.

1. "எந்த கேம் போட்டாலும் என் கம்ப்யூட்டர்ல பறக்குது. விஆர்ல மட்டும் ஏன் திணறுது?"

வேலை பல மடங்கு கூடிவிடுகிறது, அதனால்தான். 1920×1080 மானிட்டரில் நொடிக்கு 60 ஃபிரேம் (ஒரு ஃபிரேம் என்பது ஒரு முழுப் படம்) என்றால் கார்டு வரைய வேண்டியது சுமார் 12 கோடி பிக்சல். மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் கண்ணுக்கு 2064×2208 பிக்சல். இரண்டு கண், நொடிக்கு 90 தடவை என்று பெருக்கினால் 82 கோடி வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. லென்ஸ் படத்தை வளைத்துக் காட்டும். அதைச் சரிக்கட்ட, படத்தை எதிர்ப்பக்கமாக வளைத்துத்தான் திரைக்கு அனுப்புகிறார்கள். அப்போது நடுப்பகுதி விரியும். விரிந்தாலும் மங்காமல் இருக்க, திரையைவிடப் பெரிய படமாகவே முதலில் வரைந்துகொள்ள வேண்டும். வால்வ் இண்டெக்ஸ் ஹெட்செட்டின் திரை கண்ணுக்கு 1440×1600 தான். ஆனால் கம்ப்யூட்டரில் விஆர் கேம்களை ஓட்டும் ஸ்டீம்விஆர் மென்பொருளில் ரெசல்யூஷனை 100 சதவீதம் என்று வைத்தால் 2016×2240 வரைகிறது. ஏறக்குறைய இரட்டிப்பு வேலை.

2. "மானிட்டர்ல 45 ஃபிரேம் வந்தாலே விளையாடுவேன். விஆர்ல ஏன் 90 வேணும்னு பிடிவாதம்?"

மானிட்டர் உங்கள் எதிரே இருக்கும் ஒரு பொருள். அதில் படம் திக்கினாலும் அறை அப்படியே நிற்கிறது. ஹெட்செட்டுக்குள் அறையே அந்தப் படம்தான். தலையைத் திருப்பும்போது உலகம் துளி நேரம் தயங்கினால்கூடக் காதின் சமநிலை உறுப்பு ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும். வயிறு புரட்டுவது அங்கேதான் தொடங்குகிறது.

ஃபிரேம் எண்ணிக்கையை விட்டுவிட்டு நேரக்கெடுவாகப் பாருங்கள். 90 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு ஃபிரேமை முடிக்க 11.1 மில்லி விநாடி. 72 ஹெர்ட்ஸில் 13.9, 80-இல் 12.5, 120-இல் 8.3. ஒவ்வொரு ஃபிரேமும் இந்தக் கெடுவுக்குள் முடிய வேண்டும். சராசரி 95 ஃபிரேம் வருகிறது என்பது இங்கே உதவாது. முப்பதில் ஒரு ஃபிரேம் 25 மில்லி விநாடி இழுத்தால் போதும், கண் கண்டுபிடித்துவிடும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தக் கெடுவை வைத்துத்தான்.

3. "ஜிடிஎக்ஸ் 970 இருந்தா போதும்னு ஒரு லிஸ்ட்ல பார்த்தேன். என்கிட்ட அதைவிட நல்ல கார்டு இருக்கே?"

அந்தப் பட்டியல் 2016-இல் ஓக்குலஸ் ரிஃப்ட் வந்தபோது போட்டது: ஜிடிஎக்ஸ் 970 அல்லது ஆர்9 290 கார்டு, ஐ5-4590 ப்ராசஸர், 8 ஜிபி ரேம். ரிஃப்டும் அதே ஆண்டு வந்த எச்டிசி வைவும் கண்ணுக்கு 1080×1200 பிக்சல்தான் காட்டின. இன்றைய ஹெட்செட்டுகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

கேமின் பக்கத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவையும் அப்படித்தான். 2020-இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் கேமுக்கு ஜிடிஎக்ஸ் 1060 போதும் என்று போட்டிருந்தார்கள். பொய் இல்லை, அந்த கேம் நன்றாகச் செதுக்கி எடுத்தது, கார்டு திணறினால் தானே ரெசல்யூஷனைக் குறைத்துக்கொள்ளும். அதே கார்டை வைத்துக்கொண்டு ஃபிளைட் சிமுலேட்டர் ஓட்டப் போனால் கதை வேறு. விஆருக்கான கம்ப்யூட்டர் என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்த ஹெட்செட்டில் எந்த கேம் என்று சேர்த்துத்தான் பேச முடியும்.

4. "கார்டு பத்தலையா, ப்ராசஸர் பத்தலையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அளந்து பார்க்க வேண்டும், வேறு வழி இல்லை. ஸ்டீம்விஆரிலேயே ஃபிரேம் நேரத்தை வரைபடமாகக் காட்டும் வசதி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் எஃப்பிஎஸ்விஆர் என்ற சிறு மென்பொருள், ஹெட்செட்டுக்குள்ளேயே கைக்கடிகாரம் மாதிரி அதைக் காட்டும். குவெஸ்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மெட்டாவின் லிங்க் வழியாக விளையாடுபவர்களுக்கு ஓக்குலஸ் டீபக் டூல் இருக்கிறது. எதில் பார்த்தாலும் தேட வேண்டியவை இரண்டு எண்கள்: ஒரு ஃபிரேமுக்கு கார்டு எடுக்கும் நேரம், ப்ராசஸர் எடுக்கும் நேரம். மெனுவில் நின்றுகொண்டு பார்க்காதீர்கள். கேமில் எந்த இடம் உங்களைப் படுத்துகிறதோ அங்கே போய்ப் பத்து நிமிடம் விளையாடிக்கொண்டே பாருங்கள்.

பிறகு ரெசல்யூஷனை 50 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி பாருங்கள். கார்டின் நேரம் சரிந்து திக்கலும் போய்விட்டால் கார்டுதான் பற்றாக்குறை. படம் மங்கலாகிவிட்டது, திக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் ப்ராசஸரைப் பாருங்கள். இரண்டு எண்ணும் கெடுவுக்குள் இருந்தும் திக்கினால், குற்றவாளி வெளியே இருக்கிறார். 8, 10 இரண்டு பதில்களையும் படியுங்கள்.

எனக்கு இந்தப் புத்தி காசு போன பிறகுதான் வந்தது. சிமுலேட்டரில் விமானத்தைத் தரையிறக்கும்போது திக்குகிறது என்று புதுக் கார்டு வாங்கிப் போட்டேன். அதே ஓடுபாதை, அதே திக்கல். அளந்து பார்த்தால் கார்டு 7 மில்லி விநாடியில் முடித்துவிட்டு சும்மா இருந்தது. ப்ராசஸர் 19-இல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

5. "கார்டு 60 சதவீதம்தான் வேலை செய்யுதுன்னு காட்டுது, ஃபிரேம் 45-லயே நிக்குது. அப்போ ப்ராசஸர்தானே பிரச்சினை?"

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 90-க்கான கெடு தவறும்போது ஹெட்செட்டின் மென்பொருள் கேமை 45-க்கு இறக்கிவிட்டு, இடையில் வரும் ஃபிரேமை முந்தையதை வைத்துத் தானே ஊகித்து வரைகிறது. ஸ்டீம்விஆரில் இதற்கு மோஷன் ஸ்மூத்திங் என்று பெயர், ஓக்குலஸில் அசிங்க்ரனஸ் ஸ்பேஸ்வார்ப். 45-க்கு இறங்கியதும் ஒரு ஃபிரேமுக்கு 22.2 மில்லி விநாடி கிடைக்கிறது. கார்டு 12-இல் முடித்துவிட்டு மீதி நேரம் ஓய்வெடுக்கிறது. அதனால்தான் 60 சதவீதம் மாதிரி தெரிகிறது. உண்மையில் கார்டு தவறவிட்டது ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு.

அளக்கும்போது இதை அணைத்துவிட்டு அளங்கள். விளையாடும்போது வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். காக்பிட்டில் உட்கார்ந்து ஓட்டும் கேம்களில் எனக்கு உறுத்துவதில்லை. கை வேகமாக அசையும் கேம்களில் வாளின் ஓரமெல்லாம் ஜெல்லி மாதிரி நெளியும், எனக்குப் பிடிக்காது.

6. "செலவு பண்றதுக்கு முன்னாடி சும்மா செஞ்சு பார்க்க ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. முதலில் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை தடவை புதுப்படம் காட்டுகிறது என்பது. 90-இலிருந்து 72-க்கு இறக்கினால் கெடு 11.1-இலிருந்து 13.9 ஆகிறது. காசில்லாமல் 25 சதவீதம் கூடுதல் நேரம். குவெஸ்ட் 2, 3 இரண்டிலும் 72 உண்டு; இண்டெக்ஸில் 80 வரை இறங்கலாம். மேலே சொன்ன 12 மில்லி விநாடிக்காரருக்கு இது ஒன்றே போதும்.

அடுத்து ரெசல்யூஷன். ஸ்டீம்விஆரின் சதவீதம் மொத்தப் பிக்சல் எண்ணிக்கையைக் குறிக்கிறது. 70 சதவீதம் என்றால் அகலமும் உயரமும் 84 சதவீதத்துக்குத்தான் குறைகின்றன. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, கார்டுக்குப் பெரிய நிம்மதி. இதை ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக வைக்கலாம். அப்புறம் கேமுக்குள் நிழல், பிரதிபலிப்பு, தூரத்துக் காட்சி ஆகியவற்றை ஒரு படி இறக்குங்கள். பின்னணியில் ஓடும் பிரௌசர், ரெக்கார்டிங் மென்பொருள், கலர் விளக்கு மென்பொருள் எல்லாவற்றையும் மூடுங்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். மூடிப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

7. "சரி, எல்லாம் செஞ்சாச்சு. இப்போ மாத்தலாமா, வேணாமா?"

வாரத்துக்கு ஒரு தடவையாவது நீங்கள் விளையாடும் ஒரு கேம், நீங்கள் பொறுத்துக்கொள்ளும் தெளிவில், கெடுவுக்குள் முடியவில்லை என்றால் மாற்றலாம். எப்போதோ ஒருநாள் திறக்கும் கேமுக்காக மாற்றாதீர்கள். இன்னும் வாங்காத கேமுக்காகவும் வேண்டாம்.

எவ்வளவு பெரிய கார்டு என்பதையும் கெடுவை வைத்தே கணக்குப் போடலாம். கார்டு இப்போது 16 மில்லி விநாடி எடுக்கிறது, கெடு 11.1. விளிம்பில் நிற்காமல் 9.5-ஐ இலக்காக வையுங்கள். 16-ஐ 9.5-ஆல் வகுத்தால் சுமார் 1.7. ஆக, இப்போதைய கார்டைவிட 1.7 மடங்கு வேகமான கார்டு வேண்டும். விமர்சனங்களில் 4கே ஒப்பீட்டைப் பாருங்கள், 1080பி-ஐப் பார்க்காதீர்கள். குவெஸ்ட் 3-இன் இரண்டு திரையிலும் சேர்த்து ஒரு 4கே மானிட்டரைவிட அதிகப் பிக்சல் இருக்கிறது. 1.2 மடங்குதான் தரும் கார்டுக்குக் காசு கொடுப்பதைவிட 6-ஆம் பதிலுக்குத் திரும்பிப் போவது மேல்.

8. "கொஞ்ச நேரம் நல்லா ஓடுது, அப்புறம் திடீர்னு படுத்துடுது. சூடாகுதோ?"

சூடும் காரணமாக இருக்கலாம். கார்டின் வெப்பநிலையையும், அதன் வேகம் இறங்குகிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். ஆனால் நான் அதிகம் பார்த்தது கார்டின் சொந்த நினைவகம், அதாவது விரேம், நிரம்பிவிடுவது. நிரம்பியதும் மிச்சத்தை மதர்போர்டு ரேமில் போட்டு இழுக்க ஆரம்பிக்கும். அந்தப் பாதை குறுகல். ஃபிரேம் நேரம் மெதுவாக ஏறாது, ஒரேயடியாகக் குதிக்கும். விஆர்சாட்டில் ஆள் நிறைந்த அறைக்குள் போகும்போதும், சிமுலேட்டரில் பெரிய நகரத்தின் மேல் பறக்கும்போதும் இது சகஜம்.

டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) தரத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். அதில் சரியானால் புதுக் கார்டு தேடும்போது விரேமையும் கணக்கில் எடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3070-இல் 8 ஜிபி, அதைவிட வேகம் குறைந்த 3060-இன் முதல் மாடலில் 12 ஜிபி. பெயரில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் இப்படி மாட்டிக்கொள்வோம்.

9. "முதல்ல ஹெட்செட்டா, கம்ப்யூட்டரா? ரெண்டுக்கும் காசு இல்லை."

ஹெட்செட் என்றுதான் சொல்வேன். 2019-இல் வந்த ரிஃப்ட் எஸ்-இல் கண்ணுக்கு 1280×1440. அதிலிருந்து குவெஸ்ட் 3-க்குப் போனால் பிக்சல் சுமார் இரண்டரை மடங்கு. எல்லாப் பிக்சலையும் நிரப்பியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ரெசல்யூஷனைக் குறைத்து ஓட்டினாலும் புது லென்ஸின் தெளிவு அப்படியே கிடைக்கும். மேலும், குவெஸ்ட் மாதிரி தனியாகவே இயங்கும் ஹெட்செட் என்றால் கம்ப்யூட்டரே இல்லாமல் நிறைய விளையாடலாம். சில மாதம் அப்படி ஓட்டிவிட்டு, கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும் கேம்கள் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். பலருக்கு வேண்டியிருப்பதில்லை.

பழைய ஹெட்செட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள், அடுத்து ஹெட்செட் வாங்கும்போது கணக்கை முதலிலிருந்து போட வேண்டிவரும்.

10. "வைஃபை-ல விளையாடுறேன். நடுநடுவுல படம் சிதறுது. கார்டு மாத்தினா சரியாகுமா?"

பெரும்பாலும் ஆகாது. குவெஸ்ட் வகை ஹெட்செட்டுகளுக்கு டிஸ்ப்ளே போர்ட், அதாவது கார்டிலிருந்து படத்தை நேரடியாக வாங்கும் இணைப்பு, கிடையாது. கம்ப்யூட்டர் வரைந்த படத்தைச் சுருக்கி வீடியோவாக அனுப்புகிறது. ஹெட்செட் அதைப் பிரித்துக் காட்டுகிறது. கேபிள் போட்டாலும் அதே கதைதான். சிதறல், கட்டம் கட்டமாக உடைவது, கறுப்பு ஓரம் தெரிவது எல்லாம் பெரும்பாலும் வழியில் நேர்பவை.

கம்ப்யூட்டரை ரவுட்டரோடு கேபிளால் இணையுங்கள். விளையாடும் அறையிலேயே ரவுட்டர் இருக்கட்டும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். முடிந்தால் ஹெட்செட்டுக்கு மட்டும் தனி ரவுட்டர். கார்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: ஆர்டிஎக்ஸ் 40, ஆர்எக்ஸ் 7000 வரிசைகளிலிருந்து ஏவி1 முறையில் படத்தைச் சுருக்க முடியும், குவெஸ்ட் 3-ஆல் அதைப் பிரிக்க முடியும். படம் கொஞ்சம் சுத்தமாக இருக்கும். அதற்காக மட்டும் கார்டு மாற்றுவது கொசுவுக்குப் பீரங்கி.

11. "ப்ராசஸர்தான் பிரச்சினைன்னு தெரிஞ்சுபோச்சு. மொத்தமா மாத்தணுமா?"

எந்த மதர்போர்டு என்பதைப் பொறுத்தது. ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டு வைத்திருந்தால் அதிர்ஷ்டசாலி. 2022-இல் ஏஎம்டி அதற்கு ரைசன் 7 5800எக்ஸ்3டி கொண்டுவந்தது. 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருப்பதால் சிமுலேட்டர் வகை கேம்களில் நன்றாகக் கைகொடுக்கிறது. பல பழைய போர்டுகளில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) மட்டும் புதுப்பித்துவிட்டு அப்படியே மாட்டலாம். உங்கள் போர்டின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அப்படி வழி இல்லாத போர்டு என்றால் போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றும் சேர்ந்தே போகும்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ரேம் ஒரே குச்சியாக இருக்கிறதா? பயாஸில் ரேமின் முழு வேகம் இயக்கப்பட்டிருக்கிறதா? ஒரே குச்சி என்றால் இரட்டை சேனல் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் தரவு வருவது) கிடையாது, ப்ராசஸர் காத்துக் கிடக்கும். இன்னொரு குச்சி போட்டே தப்பித்தவர்கள் உண்டு.

12. "அடுத்த தலைமுறை கார்டு வரப்போகுதாமே, காத்திருக்கலாமா ப்ரோ?"

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை 2018-இல் வந்தது, 30 வரிசை 2020, 40 வரிசை 2022, 50 வரிசை 2025. ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை ஏதோ ஒன்று வரப்போகிறதுதான். காத்திருக்க நினைத்தால் எப்போதும் காத்திருக்கலாம். அறிவிப்பே வெளியாகிவிட்டது, விற்பனை சில வாரங்களில் என்றால் பொறுங்கள். பழைய வரிசையின் விலையாவது இறங்கக்கூடும். வதந்தி மட்டும் என்றால் 7-ஆம் பதிலின் கணக்கு என்ன சொல்கிறதோ அதன்படி செய்யுங்கள்.

13. "கார்டை மட்டும் மாத்தினா போதுமா, கூடவே வேற செலவு வருமா?"

பவர் சப்ளை. ஆர்டிஎக்ஸ் 3060 இழுப்பது 170 வாட், 4070 என்றால் 200, 3080 என்றால் 320, 4090-க்கு 450. 3060-ஐ ஓட்டிய பவர் சப்ளை 3080-ஐயும் ஓட்டிவிடும் என்று நம்ப முடியாது. கேபினெட்டுக்குள் கார்டின் நீளம் அடங்குமா என்று ஒரு டேப் வைத்து அளந்தும் விடுங்கள்.

14. "கேமிங் லேப்டாப் வாங்கினா விஆர் ஓடுமா?"

ஓடும், இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வாங்கினால். முதலாவது, பெயர் ஒன்றுதான், கார்டு ஒன்றல்ல. டெஸ்க்டாப் 4090-இல் 24 ஜிபி விரேம். லேப்டாப் 4090-இல் 16 ஜிபி, உள்ளே இருக்கும் சிப்பும் டெஸ்க்டாப் 4080-இல் இருப்பது. இரண்டாவது, சில லேப்டாப்புகளில் யுஎஸ்பி-சி வழியாக வரும் படம், தனிக் கார்டிலிருந்து வராமல் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலிருந்து வரும். இண்டெக்ஸ், பிளேஸ்டேஷன் விஆர்2 மாதிரி டிஸ்ப்ளே போர்ட் கேட்கும் ஹெட்செட் அதில் வேலை செய்யாமல் போகலாம். குவெஸ்டுக்கு இந்தத் தலைவலி இல்லை.

15. "பத்து நிமிஷத்துல தலை சுத்துது. நல்ல கம்ப்யூட்டர் வாங்கினா நிக்குமா?"

வரைபடத்தில் கெடு தவறுகிற இடங்களில்தான் சுற்றுகிறது என்றால் நிற்கும். ஒரு ஃபிரேம்கூடத் தவறாமல் ஓடியும் சுற்றினால் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உடல் நிற்கிறது, கண் நடக்கிறது. ஸ்டிக்கைத் தள்ளி நடக்கும் கேம்களில் அப்படித்தான் வரும். நடக்காமல் இடம் விட்டு இடம் தாவும் டெலிபோர்ட் முறைக்கு மாற்றுங்கள், லென்ஸ் இடைவெளியை உங்கள் கண் இடைவெளிக்குச் சரிசெய்யுங்கள், சுற்ற ஆரம்பித்த உடனே கழற்றிவிடுங்கள். பொறுத்துக்கொண்டு விளையாடினால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் சுற்றும்.

16. "எச்பி ரிவெர்ப் ஜி2 வெச்சிருக்கேன். புதுக் கம்ப்யூட்டர் எடுக்கலாம்னு இருக்கேன்."

கொஞ்சம் நில்லுங்கள். ஜி2 இயங்குவது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி மென்பொருளில். அதைக் கைவிடுவதாக 2023 டிசம்பரில் அறிவித்தார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். புதுக் கம்ப்யூட்டர் அந்தப் பதிப்போடோ அதற்குப் பிந்தையதோடோதான் வரும். மாட்டினால் ஹெட்செட்டைக் கண்டுகொள்ளாது. விண்டோஸ் 10-இலேயே இருந்துவிடலாம் என்றால் அதற்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

ஒயாசிஸ் என்று தனிநபர் எழுதிய டிரைவர் ஒன்று இருக்கிறது; என்விடியா கார்டுகளில் இந்த ஹெட்செட்டுகளை ஸ்டீம்விஆரோடு இணைக்கிறது. அதை நம்பிப் போவதாக இருந்தால் ஏஎம்டி கார்டு எடுத்துவிடாதீர்கள்.

17. "கார்டு மாத்தியாச்சு. அளந்தும் பார்த்துட்டேன். ஃபிரேம் நேரம் பழைய கார்டுல இருந்த மாதிரியே இருக்கே!"

ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் ஸ்டீம்விஆரில் ரெசல்யூஷன் தானியங்கியாக இருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கியில் இருந்தால், கார்டு எவ்வளவு வேகமோ அதற்கேற்ப ரெசல்யூஷனை அதுவே ஏற்றிக்கொள்ளும். நீங்கள் வாங்கிய கூடுதல் வேகம் முழுவதையும் கேட்காமலே பிக்சலாகச் செலவழித்திருக்கும். நேரம் எப்படிக் குறையும்?

தானியங்கியை அணைத்துவிட்டு, பழைய கார்டில் ஓடிய அதே பிக்சல் அளவை வையுங்கள் (அதைக் குறித்து வைக்கவில்லை என்றால் உங்கள் ஹெட்செட்டின் திரை அளவிலிருந்து தொடங்கலாம்). 4-ஆம் பதிலில் சொன்ன அதே கஷ்டமான இடத்துக்குப் போய் அளங்கள். பிறகு பத்துப் பத்து சதவீதமாக ஏற்றி, கெடுவுக்கு ஒன்றரை மில்லி விநாடி மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.